பிள்ளையை மனநல டாக்டரிடம் முதல் தடவை கூட்டிப் போகும் பெற்றோருக்கு

தமிழ்நாட்டில் இருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். பிள்ளை முன்பு மாதிரி இல்லை, என்னவோ சரியில்லை என்று மனதில் படுகிறது, ஆனால் யாரைப் பார்ப்பது, எவ்வளவு ஆகும், பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று எதுவும் பிடிபடவில்லை என்றால் மேலே படியுங்கள். எங்கள் மகள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது வயிற்று டாக்டர், கண் டாக்டர், மந்திரிக்கிறவர், கவுன்சிலர் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்த அலைச்சலில் பாதி, எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்று சொல்ல ஆள் இல்லாததால் வந்தது. அதனால் வரிசையாகவே சொல்கிறேன்.

1. அவசரமா, இல்லையா?

இதை முடிவு செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். "நான் இல்லாமல் இருந்தால் நல்லது" என்ற மாதிரிப் பேச்சு, கையிலோ தொடையிலோ கீறல், வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாமல் இருப்பது, பிரியமான பொருள்களைத் தம்பிக்கும் தோழிக்கும் எடுத்துக் கொடுத்துவிடுவது, இதில் ஏதாவது இருந்தால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. நேராகக் கேளுங்கள். "செத்துப் போகணும்னு தோணுதா கண்ணு?" என்று கேட்பதால் இல்லாத எண்ணத்தை நாம் கிளப்பிவிட மாட்டோம். யாராவது கேட்டார்களே என்று பிள்ளைக்குப் பாரம் இறங்கத்தான் செய்யும். கேட்ட பிறகு திட்டவும் கூடாது, ஒப்பாரி வைக்கவும் கூடாது, அதுதான் கஷ்டம்.

ஆமாம் என்று சொன்னால் அன்றைக்குப் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, எலிமருந்து, தாத்தாவின் சர்க்கரை, பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் பூட்டுங்கள் அல்லது வீட்டை விட்டே வெளியேற்றுங்கள். ஏதாவது செய்துகொண்டுவிட்டால் 108, அல்லது பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு. "போலீஸ் கேஸ் ஆகிவிடும்" என்று பயந்து வீட்டிலேயே உப்புத் தண்ணீர் கொடுத்துப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். மருத்துவமனை எம்.எல்.சி. என்ற மருத்துவ-சட்டப் பதிவு போடும், அது வழக்கமான நடைமுறை. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-வது பிரிவுப்படி, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது.

போனில் பேச 14416. மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். அதற்கு அடுத்த எண்ணான 14417 பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண், அதுவும் பயன்படும், ஆனால் அவசரத்தில் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். தமிழ்நாடு அரசின் 104-லும் மனநல ஆலோசனை கிடைக்கும். பிள்ளையை யாராவது தொந்தரவு செய்கிறார்கள் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

2. ஒரு நோட்டு போடுங்கள்

அவசரம் இல்லை என்று தெரிந்ததும் முதல் வேலை இது. நாற்பது பக்க நோட்டு போதும். தேதி போட்டு, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். "மூட் அவுட்டாக இருக்கிறாள்", "சோம்பேறி ஆகிவிட்டான்" என்று நம் தீர்ப்பை எழுதினால் டாக்டருக்கு ஒரு பயனும் இல்லை. எங்கள் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருந்தது: "ஞாயிறு இரவு சாப்பாடு வேண்டாம் என்றாள். 1 மணி வரை விழித்திருந்தாள். திங்கள் காலை 6:30, வயிற்றுவலி, வாந்தி வருகிற மாதிரி. லீவு என்று சொன்னதும் 9 மணிக்கு இரண்டு தோசை சாப்பிட்டாள்." கடைசியில் எங்களைப் பார்த்த டாக்டர் அந்தப் பக்கத்தைத்தான் இரண்டு தடவை படித்தார்.

தூக்கம், பசி, பள்ளிக்குப் போவது, நண்பர்கள், கோபம், போன், இந்த ஆறும் போதும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், பெரியவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் முகம் வாடும், பிள்ளைகளுக்குப் பல நேரம் எரிச்சலாகவும் சண்டையாகவும்தான் வெளியே வரும். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள் இப்படியே போகிறது, படிப்பும் விளையாட்டும் கெடுகிறது என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. பரீட்சை முடியட்டும் என்று தள்ளாதீர்கள், பரீட்சைதான் பல வீட்டில் பிரச்சினையை முற்றவிடுகிறது.

பிள்ளையின் பையைத் துழாவுவதும், டைரியைத் திருட்டுத்தனமாகப் படிப்பதும் வேண்டாம். உயிருக்கு ஆபத்து என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் அது வேறு கதை.

3. உடம்பைப் பார்த்துவிடுங்கள், அங்கேயே நின்றுவிடாதீர்கள்

வழக்கமாகப் பார்க்கும் குழந்தைகள் நல டாக்டரிடம் ஒரு முறை போங்கள். ரத்தசோகை, தைராய்டு, கண், காது இவற்றில் கோளாறு இருந்தாலும் பிள்ளை சோர்ந்து போகும், கவனம் சிதறும். அரசு மருத்துவமனையில் இந்தப் பரிசோதனைகளுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

எல்லாம் நார்மல் என்று வந்த பிறகும் வயிற்றுக்கு இன்னொரு ஸ்கேன், தலைக்கு எம்.ஆர்.ஐ. என்று போய்க்கொண்டே இருப்பதுதான் இங்கே பொறி. ஒரு தனியார் மருத்துவமனையில் எங்களுக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு டெஸ்ட் எழுதினார்கள், "பள்ளிக்கூடம் எப்படிப் போகிறது?" என்று ஒருவர்கூட மகளைக் கேட்கவில்லை. ரிப்போர்ட் சுத்தமாக இருக்கிறது என்பதற்காகப் பிள்ளை நடிக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். மனக்கலக்கத்தில் வரும் வயிற்றுவலி நிஜமாகவே வலிக்கும்.

4. யாரிடம் போவது?

போர்டில் எல்லாரும் ஒரே மாதிரி எழுதிக்கொள்கிறார்கள், அதனால் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் மனநல மருத்துவத்தில் எம்.டி., டி.என்.பி. அல்லது டி.பி.எம். படித்தவர். மருந்து எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார், பேச்சு வழிச் சிகிச்சையும் ஐ.க்யூ., கற்றல் குறைபாடு போன்ற மதிப்பீடுகளும் செய்வார். இவர் ஆர்.சி.ஐ. என்ற இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், ஆர்.சி.ஐ. இணையதளத்தில் சரிபார்க்கலாம். கேட்டதற்குக் கோபப்படுகிறார் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். சிறப்புக் கல்வியாளர்களுக்கும் இதே பதிவு உண்டு.

கவுன்சிலர் என்பவர் நன்கு படித்தவராகவும் இருக்கலாம், வாரக் கடைசி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவராகவும் இருக்கலாம். பள்ளிக் கவுன்சிலர்களில் அருமையானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் "பேசினால் சரியாகிவிடும், டாக்டர் தேவையில்லை" என்று முதல் நாளே அடித்துச் சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

கைரேகையை வைத்து மூளையைச் சொல்கிறேன் என்கிற டி.எம்.ஐ.டி. சோதனை, மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன், ஞாபகசக்திப் பொடி, இதற்கெல்லாம் அறிவியல் ஆதாரம் கிடையாது. பள்ளி வளாகத்திலேயே முகாம் போட்டு விற்றாலும் கிடையாது.

என் யோசனை: தூக்கம், பசி கெட்டிருந்தால், தன்னைக் காயப்படுத்திக்கொண்டால், இல்லாத குரல் கேட்கிறது என்றால் நேரே மனநல மருத்துவர். படிப்பு மட்டும் இடிக்கிறது, எழுத்து தலைகீழாக வருகிறது, கவனம் நிற்கவில்லை என்றால் சைக்காலஜிஸ்டின் மதிப்பீட்டில் தொடங்கலாம். ஐந்து, ஆறு வயதுக்குள் உள்ள பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை, கண்ணைப் பார்க்கவில்லை என்றால் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்குப் போங்கள், டி.இ.ஐ.சி. என்று கேட்டால் அரசு மருத்துவமனையில் வழி காட்டுவார்கள்.

5. எங்கே, எவ்வளவு, எப்போது?

அரசுப் பக்கம் நாம் நினைப்பதைவிட நன்றாக இருக்கிறது, இதை நான் சும்மா சொல்லவில்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டக் குழு தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாள்களில் வரும். எந்தக் கிழமை என்று போன் செய்து கேட்டுக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் வெறும் ஓபி சீட்டோடு திரும்ப வேண்டியதுதான். சென்னையில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. முட்டுக்காட்டில் உள்ள நிப்மெட் என்ற மத்திய அரசு நிறுவனத்தில் வளர்ச்சிக் குறைபாடுகளுக்கு மதிப்பீடும் தெரபியும் கிடைக்கும். சிக்கலான விஷயம் என்றால் வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ். நிம்ஹான்ஸில் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனித் துறையே இருக்கிறது.

அரசு ஓபி காலையில்தான். சீக்கிரம் போய்ச் சீட்டு வாங்கினால் மதியத்துக்குள் வெளியே வரலாம். திங்கள்கிழமையும், நீண்ட விடுமுறைக்கு மறுநாளும் கூட்டம் நெரியும். டிபன், தண்ணீர், பிள்ளைக்குப் படிக்க ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

தனியாரில் ஒரு மருத்துவர் பீஸ் சில நூறில் தொடங்கி ஊரைப் பொறுத்து ஆயிரத்தைத் தாண்டும். ஆனால் பர்ஸைக் கரைப்பது டாக்டர் பீஸ் இல்லை, தெரபி. வாரம் ஒரு முறை, மாதக்கணக்கில் போகும். மதிப்பீடு என்றால் மொத்தமாகச் சில ஆயிரம். போனிலேயே மூன்று கேள்வி கேளுங்கள்: ஒரு அமர்வு எத்தனை நிமிடம், மதிப்பீட்டுக் கட்டணத்தில் எழுத்து மூல ரிப்போர்ட் சேர்த்தியா, வர முடியாமல் போனால் பணம் திரும்புமா? "இருபது அமர்வு பேக்கேஜ், இன்றே கட்டினால் தள்ளுபடி" என்றால் கட்டாதீர்கள். பிள்ளைக்கும் தெரபிஸ்டுக்கும் ஒத்துப்போகிறதா என்று தெரிய மூன்று, நான்கு அமர்வாவது வேண்டும், அதுவரை அமர்வுக்கு அமர்வு கொடுங்கள். நாங்கள் சேர்த்த வழி இதுதான்: டாக்டரும் மருந்தும் அரசு மருத்துவமனையில், தெரபி மட்டும் வெளியில். இரண்டு பக்கத்துக்கும் இதை மறைக்காமல் சொல்லிவிட்டோம், யாரும் முகம் சுளிக்கவில்லை.

6. பையில் என்னென்ன இருக்க வேண்டும்?

ஒரே பிளாஸ்டிக் ஃபைல், பழையது கீழே, புதியது மேலே. பிள்ளையின் ஆதார், உங்கள் ஆதார், பிறப்புச் சான்றிதழ், எல்லாம் ஜெராக்ஸ். தடுப்பூசி அட்டை அல்லது பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு, ஏனென்றால் குறை மாதமா, உடனே அழுததா, எப்போது நடந்தது, எப்போது பேசியது என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். கடைசி இரண்டு, மூன்று வருட மதிப்பெண் அட்டைகள். படிப்புச் சிக்கல் என்றால் தமிழ், ஆங்கில, கணக்கு நோட்டுகள், அதிலும் சிவப்பு மையால் ஆசிரியர் எழுதிய குறிப்புகள் இருக்கும் நோட்டுகள். இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் பட்டைகள். நாட்டு மருந்து கொடுத்திருந்தாலும் மறைக்காதீர்கள். குடும்பத்தில் யாருக்காவது மனநோய், வலிப்பு, தற்கொலை இருந்திருக்கிறதா என்பதை இரண்டு பக்கத் தாத்தா பாட்டி வரை விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஒரு விஷயத்தில்தான் எங்கள் வீட்டில் பெரிய வாக்குவாதம் நடந்தது, எந்தப் பக்கமும் வாய் திறக்கவில்லை, கடைசியில் ஒரு சித்தப்பா போனில் சொன்னார்.

7. பிள்ளையிடம் என்ன சொல்லிக் கூட்டிப் போவது?

பொய் மட்டும் சொல்லாதீர்கள். "கடைக்குப் போகலாம் வா" என்று கூட்டிப் போய் மனநலப் பிரிவு வாசலில் இறக்கினால் அந்தப் பிள்ளை உள்ளே வாயைத் திறக்காது, அடுத்த முறை வீட்டு வாசலையே தாண்டாது. முதல் நாள் மாலையே, சாவகாசமாக, "உனக்குத் தூக்கமும் வரலை, காலையில வயிறும் வலிக்குது. இதுக்குன்னே படிச்ச டாக்டர் இருக்காங்க. ஊசி கிடையாது. பேசுவாங்க. பேசப் பிடிக்கலைன்னா சும்மா உட்காரலாம்" என்ற அளவு போதும். "எனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்கும், கேட்காத பிள்ளை அபூர்வம். "இல்லை. காய்ச்சல் வந்தா டாக்டரைப் பார்க்கிறோம்ல, அதே மாதிரிதான்" என்று சொல்லி விட்டுவிடுங்கள், அரை மணி நேரம் விளக்காதீர்கள்.

பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை வரவே மாட்டேன் என்றால் மல்லுக்கட்ட வேண்டாம். நீங்கள் மட்டும் நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். பெற்றோரை மட்டும் பார்த்து வழி சொல்லும் டாக்டர்கள் உண்டு.

8. முதல் நாள் உள்ளே என்ன நடக்கும்?

பயிற்சி மருத்துவர் ஒருவர் முக்கால் மணி நேரம் எல்லாம் கேட்டு எழுதுவார். அப்புறம் பெரிய டாக்டர் அதையே திரும்பக் கேட்பார். சலித்துக்கொள்ளாதீர்கள், அப்படித்தான் நடைமுறை. பிள்ளையைத் தனியாக, உங்களைத் தனியாகப் பேசச் சொல்வார்கள். பிள்ளையை வைத்துக்கொண்டே குறைகளை அடுக்க வேண்டாம், "கொஞ்சம் தனியா பேசணும் டாக்டர்" என்று கேட்டு வாங்குங்கள். வெளியே வந்ததும் "என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்னே?" என்று குடையாதீர்கள்.

டாக்டர் பிள்ளை சொன்னதை எல்லாம் உங்களிடம் ஒப்பிக்க மாட்டார், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்வார். இன்னொன்றும் உண்டு, பாலியல் தொந்தரவு பற்றிப் பிள்ளை சொன்னால் போக்சோ சட்டப்படி அதைப் புகார் செய்தே ஆக வேண்டும், டாக்டருக்கு வேறு வழியில்லை. குடும்ப மானம் என்று அவரிடம் கெஞ்சாதீர்கள்.

கிளம்பும் முன் கேட்க வேண்டியது: இப்போதைக்கு என்ன என்று நினைக்கிறீர்கள், மருந்து எதற்கு, என்ன பக்கவிளைவு, எத்தனை நாளில் வித்தியாசம் தெரியும், நடுவில் மோசமானால் யாரைக் கூப்பிடுவது? முதல் நாளே நோயின் பெயர் தெரிய வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள், இரண்டு, மூன்று தடவை பார்த்த பிறகு சொல்பவர்தான் நல்ல டாக்டர்.

9. மருந்து, தெரபி, பொறுமை

எல்லாருக்கும் மருந்து எழுத மாட்டார்கள், லேசான பிரச்சினை என்றால் தெரபியோடு நிறுத்துவார்கள். மனச்சோர்வுக்கு எழுதும் மருந்துகள் வேலை செய்ய இரண்டிலிருந்து ஆறு வாரம் வரை ஆகும். முதல் சில வாரம் பதற்றமோ சாக வேண்டும் என்ற எண்ணமோ கூடுகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும், அப்படித் தெரிந்தால் அன்றைக்கே டாக்டருக்குப் போன். மாத்திரையை நீங்கள் வைத்திருந்து நீங்கள் கொடுங்கள், பட்டையோடு பிள்ளை கையில் வேண்டாம்.

நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். நன்றான பிறகும் சில மாதம் கொடுத்து, அப்புறம் படிப்படியாகக் குறைப்பதுதான் முறை. கவனக்குறைவுக்குத் தரும் மெத்தில்பெனிடேட் எல்லா மருந்துக் கடையிலும் இருக்காது, சீட்டு இல்லாமல் தரவும் மாட்டார்கள், அதனால் கடைசி நாலு மாத்திரை இருக்கும்போது கடை கடையாக ஏறி இறங்காமல் ஒரு வாரம் முன்பே வாங்கி வையுங்கள்.

10. பள்ளிக்கூடம்

முழு ரிப்போர்ட்டைப் பள்ளிக்குக் கொடுக்க வேண்டியதில்லை. டாக்டரிடம் நான்கு வரிக் கடிதம் கேளுங்கள்: சிகிச்சையில் இருக்கிறாள், இன்ன நாள் தாமதமாக வரலாம், வகுப்பில் எழுப்பிக் கேள்வி கேட்டு நிறுத்த வேண்டாம். அதைத் தலைமை ஆசிரியரிடமும் வகுப்பாசிரியரிடமும் மட்டும், நேரில் போய்க் கொடுங்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் மூச்சு விடாதீர்கள்.

கற்றல் குறைபாடு என்று வந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாடத்தில் விலக்கு போன்ற சலுகைகளுக்கு வழி இருக்கிறது, மாநிலப் பாடத்திட்டத்திலும் சி.பி.எஸ்.இ.யிலும். விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும், மருத்துவச் சான்றிதழ் வேண்டும். பத்தாம் வகுப்பு பொங்கல் விடுமுறையில் யோசித்தால் காரியம் நடக்காது, ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள்.

11. வீடும் சொந்தக்காரர்களும்

எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், "வயசுக்கு வந்த புள்ள, அப்படித்தான் இருக்கும், இதுக்குப் போய் ஆஸ்பத்திரியா?" என்றார். சண்டை போட்டுப் பயனில்லை. கோயிலுக்குக் கூட்டிப் போகட்டும், விபூதி பூசட்டும், தாயத்து கட்டட்டும், மாத்திரை மட்டும் நிற்கக் கூடாது என்று ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்தோம், நடந்தது. அடிப்பது, கட்டிப்போடுவது, பட்டினி போடுவது என்று எந்த இடத்திலாவது பேச்சு வந்தால் அங்கிருந்து உடனே கிளம்பிவிடுங்கள்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் தினமும் செய்ய வேண்டும். இரவில் போன்கள் எல்லாம் கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜ், உங்கள் போனும் சேர்த்து. ஒரே நேரத்தில் தூக்கம். பெரியப்பா மகள் மதிப்பெண்ணைச் சாப்பாட்டு நேரத்தில் எடுக்காதீர்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் அறிவுரை சொல்லாமல் பக்கத்தில் இருப்பது, முதல் வாரம் நமக்குத்தான் வாய் அரிக்கும். எங்களுக்கு அது பாத்திரம் தேய்க்கிற நேரமாக அமைந்தது, நான் தேய்க்க அவள் கழுவிக் கவிழ்ப்பாள், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ அங்கேதான் பேசினாள்.

12. காப்பீடு, சான்றிதழ்

மற்ற நோய்களைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. ஆனால் நம் பாலிசிகள் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும், டாக்டர் பீஸும் தெரபியும் நம் கையிலிருந்துதான் போகும். உங்கள் பாலிசியில் ஓபி செலவு உண்டா என்று ஏஜென்டிடம் வாய்மொழியாகக் கேட்காமல் எழுத்தில் வாங்குங்கள். ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு, அதில் ஓபியும் தெரபியும் சேரும்.

சாதாரண மனச்சோர்வு, பதற்றத்துக்கு மாற்றுத்திறனாளி அட்டை தேவையில்லை, அதற்காக அலையாதீர்கள். ஆட்டிசம், கற்றல் குறைபாடு, அறிவுத்திறன் குறைபாடு என்றால் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பித்துவிட்டு, ஆதார், புகைப்படம், மதிப்பீட்டு ரிப்போர்ட்டோடு அரசு மருத்துவமனை மருத்துவக் குழு முன்னால் போக வேண்டும். ரிப்போர்ட்டில் மதிப்பிட்டவரின் ஆர்.சி.ஐ. எண்ணும் கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். புரோக்கரிடம் பணம் கொடுக்காதீர்கள், விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது.

பிள்ளைக்கு 18 நெருங்குகிறது என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. அதுவரை பாதுகாவலர் என்ற முறையில் கையெழுத்து உங்களுடையது, பதினெட்டு முடிந்ததும் சிகிச்சைக்குச் சம்மதம் சொல்வது பிள்ளைதான், குழந்தைகள் பிரிவிலும் அதற்கு மேல் பார்க்க மாட்டார்கள். பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் முன்பே இதுவரை நடந்த சிகிச்சையின் சுருக்கத்தை ஒரு பக்கத்தில் டாக்டரிடம் எழுதி வாங்கி, ஃபைலை நகலெடுத்து, ஒன்றைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள்.